பத்திரத்தில் பூட்டன் பெயர் ஏன் இல்லை?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 55. பெங்களூரில் வசிக்கிறேன். அம்மாவின் பூர்வீகம் தோவாளைத் தாலுகாவில் ஒரு கிராமம். சென்ற ஆண்டு அம்மா காலமானார். அவருடைய இரும்புப் பெட்டியில் ஒரு பாகப்பத்திரத்தின் நகல் கிடைத்தது. ‘1107 மாசி’ என்று தேதி இருக்கிறது. மொத்தம் 17 பேர். பத்தாவது நபர் என் பூட்டி, அப்போது அவருக்கு வயது 31. அடுத்து அவருடைய மூன்று குழந்தைகள். அவர்களில் நடுவில் இருப்பவர் என் ஆச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வயது 9. குழந்தைகளுக்குக் கார்டியனாகப் பூட்டியே கையெழுத்திட்டிருக்கிறார். பத்திரம் முழுவதும் தேடிவிட்டேன், பூட்டன் பெயர் எங்கும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் இதைச் சொன்னபோது உறவினர் ஒருவர், “அந்த வீட்டில் அப்பன் பெயரைக் கேட்கக் கூடாது” என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று பெண்கள் வழியாகவே மேலே போக எனக்கு ஆசை. வழி உண்டா? மரபணுச் சோதனை செய்தால் தெரியுமா? அந்தச் சொத்தில் எங்களுக்கு ஏதேனும் உரிமை இருக்கிறதா? பத்திரத்தின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். உங்கள் பூட்டனுக்கு அந்தப் பத்திரத்தில் வேலை இல்லை. அதனால் பெயர் இல்லை. அவர் பெயர் அதில் இருந்திருந்தால்தான் நான் புருவத்தை உயர்த்தியிருப்பேன். சிரித்தவரும் உங்கள் அம்மா குடும்பத்து வழக்கமுள்ள நாஞ்சில் நாட்டுக்காரராக இருந்தால் அவருடைய சொந்த வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் அப்பன்மார் பெயர் இருக்காது.

நாகர்கோவிலில் 34 ஆண்டுகளாகச் சொத்து வழக்கு நடத்துகிறேன். மூலப்பத்திரம் பார்த்துக் கருத்துரை எழுதுவதுதான் பிழைப்பு. நீங்கள் அனுப்பிய நகலின் முதல் பக்கத்திலேயே ‘காரணவர்’, ‘அனந்தரவர்’ என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் குடும்பம் மருமக்கள்வழிக் குடும்பம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று மலையாள ராஜ்யத்தின் கீழ் இருந்த மண். இங்கே வெள்ளாளரில் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் மக்கள்வழி: அப்பன் சொத்து பிள்ளைக்கு. இன்னொரு சாரார் மருமக்கள்வழி: மாமன் சொத்து மருமகனுக்கு. மருமகன் என்றால் மகளைக் கட்டியவன் அல்லன், உடன்பிறந்தாள் பிள்ளை. குடும்பம் என்பது ஒரு மூதாட்டியின் வயிற்றில் பிறந்தவர்களும், அவளுடைய மகள்களின் வயிற்றில் பிறந்தவர்களும். மகனும் குடும்பத்தில் உண்டு. மகனின் பிள்ளைகள் இல்லை. அவர்கள் அவர்களுடைய அம்மாவின் குடும்பத்தில் எண்ணப்படுவார்கள். இருக்கும் ஆண்களில் மூத்தவர் காரணவர். சொத்தை ஆளுவது அவர். மற்றவர்கள் எல்லாரும் அனந்தரவர். சில பத்திரங்களில் சேஷக்காரர்.

இது ஏதோ ஒரு மூலையில் நடந்த விநோதம் என்று எண்ணிவிடாதீர்கள். நாட்டை ஆண்ட அரண்மனையிலேயே இதுதான் சட்டம். 1729-இல் திருவிதாங்கூர் ராஜா ராமவர்மா இறந்தபோது பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மருமகன் மார்த்தாண்டவர்மா. ராஜாவின் சொந்தப் பிள்ளைகளான தம்பிமார் இருவரும் உரிமை கேட்டுப் போராடி உயிரை விட்டார்கள். அவர்களுடைய கதையை எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் கேட்கலாம். ராஜாவுக்குப் பிறந்தவர்கள் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை; வாரிசு இல்லை என்பதிலும் ஐயமில்லை. உங்கள் பூட்டன் கதையும் அதுதான், சிம்மாசனம் மட்டும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி வெள்ளாளர் வீட்டில் கல்யாணம் முறைப்படி தாலி கட்டி நடந்தது. மனைவி கணவன் வீட்டில்தான் வாழ்ந்தாள். பிள்ளைகள் அப்பன் வீட்டில்தான் வளர்ந்தார்கள். அப்பன் கண்ணை மூடியதும்தான் கணக்கு மாறும்: அவருடைய மருமகன்கள் சாவிக்கொத்தைக் கேட்டு நிற்பார்கள்; மனைவியும் பிள்ளைகளும் மூட்டை கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு, அதாவது மாமன் தயவுக்குப் போக வேண்டும். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியத்தில் இந்தக் கொடுமையைத்தான் பாடினார். அதில் கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. படிக்கும்போது சிரிப்பு வரும், முடிக்கும்போது வராது. ஆகவே உங்கள் பூட்டிக்குக் கணவர் இருந்தார். ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள். 1107 மாசியில் அவர் உயிரோடும் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பிரிந்தது பூட்டியின் குடும்பச் சொத்து. அந்த மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை.

அப்படியானால் பூட்டன் பெயர் எங்கே கிடைக்கும்? இரண்டு இடத்தில். ஒன்று, அவருடைய தாயின் குடும்பப் பத்திரங்களில், அங்கே அவர் ஓர் அனந்தரவராக எங்காவது ஏழாவதாகவோ எட்டாவதாகவோ நிற்பார். இரண்டாவது, உங்கள் பூட்டிக்கு அவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தில். மருமக்கள்வழிக்காரன் தன் மனைவி மக்களை நினைத்து உறங்காமல் கிடந்ததற்கு அத்தாட்சி இந்த ஊரில் ஏராளம். உகந்துடைமை என்று மனைவி மக்களுக்கென்று ஒரு பங்கு வழக்கத்தில் உண்டு. அதற்கு மேல் உயிரோடு இருக்கும்போதே இஷ்டதானமாக ஒரு வயலையோ ஒரு மனையையோ எழுதிவைத்தவர்கள் நிறையப் பேர். தானம் வாங்கியவர் பெயரில் உங்கள் பூட்டியைத் தேடுங்கள். கொடுத்தவர் பெரும்பாலும் பூட்டனாகவே இருப்பார். அங்கே ‘என் மனைவி’ என்று அவர் கைப்பட ஒப்பமிட்ட வரி கிடைத்தால் கல்யாண வீட்டுக்காரருக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருவோம். பெண்கள் வழியாக மேலே போவது தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் மிகக் கடினம். பெண் கல்யாணமாகிப் போனதும் பழைய பத்திரங்களில் ‘இன்னார் மனைவி’ ஆகிவிடுவாள். அவளுடைய அம்மாவின் பெயரை யாரும் எழுதமாட்டார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் பிறந்த வழியில் காகிதம் முழுவதும் பெண்கள் பக்கம் நிற்கிறது. ஆண்கள்தான் காணாமல் போகிறார்கள். நான் சொல்வதெல்லாம் இதுதான்: பூட்டனைத் தேடி அலைவதைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, பத்திரம் யாரைக் காட்டுகிறதோ அவர்கள் பின்னால் போங்கள்.

உங்கள் பத்திரத்தையே ஒருமுறை சேர்ந்து படிப்போம். 1107 என்பது கொல்லம் ஆண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்துப் பத்திரம் உங்கள் அம்மாவின் பெட்டியில் இருந்தது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதிவரை 824 கூட்ட வேண்டும். ஆங்கில ஆண்டு பிறந்துவிட்ட பின் 825. உங்களுடையது மாசி. ஆகவே 1932, பிப்ரவரி மார்ச் வாக்கில். இந்த ஓராண்டுப் பிசகு அற்பமாகத் தெரியும். வயதை வைத்துப் பிறந்த ஆண்டு கணக்கிடும்போதும், பதிவு அலுவலகத்தில் எந்த ஆண்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்வது என்று வரும்போதும் காலை வாரிவிடும்.

ஏன் 1932? கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் என்ற சட்டம் வந்தது. மருமக்கள்வழியின் பிடியை அது தளர்த்தியது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பத்திரம் எழுதுபவர்களுக்கு நல்ல காலம். குடும்பம் குடும்பமாகப் பாகம் பிரித்தார்கள். வம்சம் தேடுபவருக்கும் அதுதான் நல்ல காலம். தலைக்கணக்கில் பிரிக்கும்போது ஒருவர் விடாமல் எழுத வேண்டும். கிழவிக்கும் ஒரு பங்கு, கைக்குழந்தைக்கும் ஒரு பங்கு. ஒரு பெயர் விட்டுப்போனால் பின்னால் வழக்கு வரும் என்ற பயத்தில் எழுதிய பட்டியல் அது. பாசத்தில் எழுதிய எந்தக் குடும்ப வரலாற்றையும்விட நம்பகமானது.

ஒன்றாம் நபர் காரணவர், வயது 61. இரண்டாம் நபர் அவருடைய சகோதரி, 57. மூன்றாம் நபர் தம்பி, 52. நான்கிலிருந்து ஒன்பது வரை அந்தச் சகோதரியின் மக்கள். அதற்கப்புறம் பத்தாம் நபராக உங்கள் பூட்டி. இங்கே நிதானமாகப் படியுங்கள். ‘ஒன்றாம் நபரின் காலஞ்சென்ற மூத்த சகோதரி’ என்று சொல்லி ஒரு பெயர், அவருடைய மகள் என்று பூட்டி. நகலில் மை பரவிய இடம். நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மூத்த சகோதரிதான் உங்கள் பூட்டியின் தாய். காரணவருக்கு 61 என்றால் அவருடைய அக்காள் 1871-க்கு முன் பிறந்தவர். இன்னும் மேலே, முகப்பிலேயே, இந்தப் பதினேழு பேருக்கும் பொதுவான ‘மூதாட்டி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. காரணவரையும் அவர் உடன்பிறந்தாரையும் பெற்றவர். ஆச்சி, பூட்டி, பூட்டியின் தாய், அந்தத் தாயின் தாய். உங்கள் அம்மாவையும் உங்களையும் சேர்த்தால் ஆறு தலைமுறைப் பெண்கள். நீங்கள் எழுதிக் கேட்ட வம்சாவளியில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது.

படிக்கும்போது ‘தாவழி’ என்ற சொல்லைப் பார்த்தால் அடிக்கோடிடுங்கள். ஒரு குடும்பத்துக்குள் ஒரு பெண்ணும் அவள் மக்களும் சேர்ந்த கிளை அது. உங்கள் பத்திரத்தில் இரண்டாம் நபரும் அவர் மக்களும் ஒரு தாவழி. இறந்துபோன மூத்தவளின் மக்கள் இன்னொரு தாவழி. நீங்கள் பின்னதைச் சேர்ந்தவர். ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஆண்களை எழுதுங்கள், ஆனால் அவர்களுக்குக் கீழே கோடு இழுக்காதீர்கள்.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை. ‘மருமகன்’. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு வங்கிக் கடனுக்காகக் கருத்துரை எழுதும்போது ஒரு பழைய ஒற்றிப் பத்திரத்தில் ‘என் மருமகன்’ என்றிருந்ததை மகளின் கணவன் என்று எடுத்துக்கொண்டேன். அதை வைத்து நான்கு தலைமுறைக்கு அழகாக ஒரு வம்சாவளி வரைந்து சீனியர் முன் வைத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “மருமகனா மாப்பிள்ளையா, முதலில் அதைச் சொல்லும் வக்கீலே” என்றார். அது சகோதரி மகன். முழு மரமும் தலைகீழ். அன்று மாலை வரைக்கும் உட்கார்ந்து திருப்பி எழுதினேன். இதில் இன்னொரு கூத்தும் உண்டு: சொத்து மருமகனுக்குப் போகிறதே என்று காரணவர் தன் மகளை அந்த மருமகனுக்கே கட்டிவைத்துவிடுவார். அங்கே இரண்டு பொருளும் சரி. ஆகவே சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவனுடைய தாய் யார் என்று பாருங்கள். அவள் இதே குடும்பத்துப் பட்டியலில் இருந்தால் அவன் சகோதரி மகன்.

பெயர்களும் ஏமாற்றும். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் ஊர் இது. ஒரே குடும்பத்தில் பாட்டியும் ஒரு பகவதியம்மை, பேத்தியும் ஒரு பகவதியம்மை, இன்னொரு தாவழியில் வேறொரு பகவதியம்மை என்று நிற்பார்கள். வயதையும் வீட்டுப் பெயரையும் சேர்த்தே குறித்துவைத்தால் தப்பிக்கலாம்.

1932-க்கு மேலே போக வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகம். கணினியில் வரும் வில்லங்கச் சான்று நீங்கள் தேடும் காலத்துக்கு எட்டாது. கையால் தேடும்படி மனுப்போட வேண்டும். எல்லாரும் சர்வே எண்ணை வைத்துத் தேடச் சொல்வார்கள். நீங்கள் பெயரை வைத்துத் தேடுங்கள். முதலாம் புத்தகத்துக்கு ஒன்றாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயரெல்லாம் அதில் ஏறும். கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். நீங்கள் வாரிசு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்துவிட்டால் அதன் நகலும் கேட்பவருக்குக் கிடைக்கும். இதைப் பலர் அறிவதில்லை, கவுண்டரிலேயே சிலர் மறுப்பார்கள். பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

பாகத்துக்கு முந்தைய பத்திரங்களில் காரணவரின் கையெழுத்துத்தான் முன்னே நிற்கும். ஆனால் குடும்பச் சொத்தை விற்கவோ ஒற்றி வைக்கவோ மூத்த அனந்தரவர்களின் சம்மதம் வேண்டும் என்பதால் கடைசிப் பக்கத்தில் ஒப்பங்கள் இருக்கும். அங்கே பெண்கள் வருவார்கள். சில இடத்தில் கீறல் மட்டும் இருக்கும், பக்கத்தில் எழுத்தர் பெயரை எழுதியிருப்பார். நிலம் ஏக்கரில் இருக்காது, கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றிருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம், உங்களுக்கு வேண்டியது நிலம் அல்லவே. தமிழ்ப் பத்திரமே பாதி மலையாளமாக ஓடும். முழு மலையாளத்தில் வந்தால் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் வயதான பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடியுங்கள். அந்தக் கையெழுத்தையும் சுருக்கங்களையும் அவர்களைப் போல் யாராலும் படிக்க முடியாது.

இதைவிட நல்ல புதையல் ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் வழக்கு நடந்ததா என்று விசாரியுங்கள். காரணவர் சொத்தை அழிக்கிறார் என்று அனந்தரவர் வழக்குப் போடாத குடும்பம் அந்தக் காலத்தில் அரிது. வழக்குக்கு முதல் தேவை வம்சாவளி. வாதி ஒன்று கொடுப்பார், பிரதிவாதி அதைத் தவறு என்று இன்னொன்று கொடுப்பார், கடைசியில் நீதிபதி தீர்ப்பில் ஒன்றை ஏற்பார். மூன்று பேர் சரிபார்த்த குடும்ப மரம் வேறு எங்கே கிடைக்கும்? ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பத்துக்கு வம்சாவளி தேடுவதுதான் சிரமம். நீதிமன்றக் கட்டுகள் காலப்போக்கில் அழிக்கப்பட்டிருக்கும். தீர்ப்பு நகல் ஏதாவது தாவழியின் பரணில் கிடக்கும். மேல்முறையீடு வரை போயிருந்தால் திருவிதாங்கூர் ஹைக்கோர்ட் தீர்ப்புத் தொகுப்புகளிலும் பார்க்கலாம். ராஜ்யத்து வருவாய்க் கணக்குகள் சுருணை என்ற ஓலைக்கட்டுகளாகத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்குள் இறங்குவது ஆராய்ச்சியாளர் வேலை. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது.

காகிதத்துக்கு முன்னால் மனிதர்கள். கிராமத்துக்குப் போனால் பட்டியலை நீட்டிப் பெயர் கேட்காதீர்கள், பதில் வராது. பங்குனி உத்திரத்துக்கு ஆச்சியின் அம்மா எந்தச் சாஸ்தா கோவிலுக்குப் போவார், ஊர்க் கோவில் கொடை விழாவுக்கு அந்த வீட்டு வரி யார் பெயரில் விழும், அந்த வீட்டில் சாவு விழுந்தால் யார் யாருக்குத் தீட்டு என்று கேளுங்கள். கோவில் வரி நோட்டு பழையதாக ஒன்று கிடைத்தால் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தையை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: “சொத்துக்காக வரவில்லை.” பெங்களூரிலிருந்து ஒருவர் பழைய பாகப்பத்திரத்தோடு வந்து நின்றால், வீட்டில் இருப்பவர் வெற்றிலைத் தட்டை நீட்டுவதற்கு முன் தம் வக்கீலுக்குத்தான் போன் செய்வார். அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வக்கீல் சில சமயம் நானாக இருந்திருக்கிறேன்.

சொத்து பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பியதை வைத்துச் சொன்னால், ஒன்றுமில்லை. 1932-இல் பாகம் முடிந்தது. பூட்டியின் பங்கும் ஆச்சியின் பங்கும் அன்றே அவர்கள் கைக்கு வந்துவிட்டன. அதை அவர்கள் விற்றார்களா, உங்கள் அம்மா வரை வந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது; மற்றவர்களுடைய பங்கில் உங்களுக்குப் பேச்சே கிடையாது. ஆச்சியோ அம்மாவோ உயிலின்றிக் காலமாகி ஏதேனும் மிச்சம் இருந்தால் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் மருமக்கள்வழிக்கு விளக்கம் சொல்லும்போது நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மற்ற இந்துப் பெண்ணின் சொத்துக்குப் பிள்ளைகளோடு கணவனும் முதல் வரிசையில் நிற்பான். மருமக்கள்வழிப் பெண்ணுக்கு 17-ஆம் பிரிவு அதை மாற்றுகிறது: முதல் வரிசையில் பிள்ளைகளும் தாயும், கணவன் இரண்டாம் வரிசையில், தகப்பனோடு. பத்திரத்தில் பூட்டனுக்கு நாற்காலி இல்லாததன் எச்சம் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

மரபணுச் சோதனை வேண்டுமானால் செய்யுங்கள், ஆனால் எதற்கு என்று தெரிந்து செய்யுங்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். மேற்கொண்டு கடத்துவது மகள்கள் மட்டும். மருமக்கள்வழிக் கணக்கும் அதுவேதான். தத்து இல்லாத ஒரு குடும்பத்தில் காரணவர் முதல் தொட்டில் குழந்தை வரை எல்லாருக்கும் ஒரே மைட்டோகாண்ட்ரியா. இதை எந்த விஞ்ஞானியும் சொல்லித்தராத காலத்தில் எங்கள் ஊர்ப் பாட்டிமார் பத்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மரபணு மிக மெதுவாக மாறுவது. சோதனை உங்களை ஏதோ ஒரு பெரும் பிரிவில் போடும்; இந்தியாவில் பெரும்பாலானவர்கள் வரும் ‘M’ பிரிவாகவே அது இருக்கக்கூடும். அதில் பல்லாயிரம் ஆண்டுப் பழைய மூதாட்டி தெரிவாள், 1871-க்கு முன் பிறந்த உங்கள் பூட்டியின் தாய் தெரியமாட்டாள். ஒரே ஒரு பயன் உண்டு: இன்னொரு தாவழியில் வந்த பெண் ஒருவர் கிடைத்து, இருவரும் சோதித்துப் பார்த்து ஒத்துப்போகாவிட்டால், நடுவில் எங்கோ தத்து நடந்திருக்கிறது என்று தேடலாம். பெண்வாரிசு அற்றுப்போகும் நிலையில் வேறு குடும்பத்துப் பெண்ணைத் தத்தெடுத்துக் குடும்பத்தைக் காப்பது மருமக்கள்வழியில் வழக்கம். திருவிதாங்கூர் அரண்மனையே 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தது. ரத்தம் வேறு, வம்சம் ஒன்று. பத்திரம் அதையும் சொல்லும், எச்சில் சோதனை சொல்லாது.

அடுத்த வாரமே பதிவு அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். உங்கள் பட்டியலில் பதினேழாம் நபரைப் பாருங்கள். இரண்டாம் நபரின் மகள்வயிற்றுப் பேத்தி, பெண், ‘வயது நான்கு மாதம்’ என்று எழுதியிருக்கிறது. உயிரோடு இருந்தால் தொண்ணூற்று மூன்று கடந்திருக்கும். உங்கள் ஆச்சிக்கு இரண்டுவிட்ட தங்கை முறை. கண்ணாடி இல்லாமல் பாயில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருக்கும் அந்த வயதுக் கிழவிகளை நான் இந்த ஊரில் பார்க்கிறேன். உங்கள் பூட்டன் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். எந்த வீட்டில், எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்பது வரை தெரிந்திருக்கும். புத்தகங்கள் அலமாரியில் இருக்கும், அவற்றை அடுத்த மாதமும் பார்க்கலாம். முதலில் பஸ் ஏறி அவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.